இணையவழித் தேர்தல் பிரசார மீறல்களைப் பதிவுசெய்து முறையிடுவது எப்படி: வன்னித் தொண்டர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தேர்தல் காலத்தில் முகநூல், யூடியூப், டிக்டொக், வாட்ஸ்அப் வழியாக நடக்கும் பிரசாரத்தைக் கவனித்து, சட்டத்தை மீறியவற்றை உரிய அதிகாரியிடம் சேர்க்க விரும்பும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் தனித் தொண்டர்களுக்குமாக இது எழுதப்படுகிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தவறான பதிவைக் கண்டதும் அதன் கீழே கோபமாகப் பின்னூட்டம் எழுதுகிறார்கள், நாலைந்து குழுக்களுக்கு அனுப்புகிறார்கள், முகநூலுக்கும் ரிப்போர்ட் செய்கிறார்கள். ஆதாரத்தைத் தேடுவது கடைசியாகத்தான். அதற்குள் பதிவு நீக்கப்பட்டிருக்கும். ஆகவே கீழுள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் சேகரிக்க வேண்டியவை

முதலில் வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்து வையுங்கள். வேட்பு மனு ஏற்கும் நாட்கள், வாக்களிப்புத் திகதி, தபால் மூல வாக்களிப்பு நாட்கள், வேட்பாளர் பட்டியல், செலவு வரையறை ஆகியவை எல்லாம் அவற்றிலிருந்தே கிடைக்கும். ஒரு பதிவு மீறலா என்பது அது எந்த நாளில் வெளியானது என்பதையும் யாருக்காக வெளியானது என்பதையும் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. இந்தத் தாள்கள் இல்லாமல் வெறும் சந்தேகத்தோடு ஓர் அலுவலரின் முன் போய் நிற்பதில் பயனில்லை.

செலவு வரையறை அறிவித்தலைத் தவறவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல்கள் ஆணைக்குழு உச்ச வரம்பை அறிவிக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில் ஒரு வேட்பாளருக்கான மொத்த வரம்பு 1,868,298,586 ரூபாயாக இருந்தது. இணைய விளம்பரத்துக்குச் செலவிட்ட பணமும் பிரசாரச் செலவுதான் என்பதால், பிற்பாடு பத்தாம் படியில் செலவு அறிக்கையைப் பார்க்கும்போது உங்கள் தேர்தலுக்குரிய வரம்பு கையில் இருக்கட்டும்.

இவற்றோடு, கண்காணிப்புக்கென்றே திறந்த ஒரு முகநூல் கணக்கு, பக்கம் தைத்த ஒரு சீ.ஆர். கொப்பி, கோப்புகளைச் சேமிக்கத் தனி ஹாட் டிஸ்க், குறைந்தது இரண்டு பேர் ஆகியவையும் வேண்டும். சொந்தக் கணக்கைப் பயன்படுத்தினால் உங்கள் உறவினர் பெயர்களும் சுயவிவரப் படமும் ஸ்கிரீன்ஷொட்டில் விழும். சிறிய ஊர்களில் முறையிட்டவர் யார் என்பது மறுநாளே தெரிந்துவிடும். அந்தச் சுமையைத் தனியொருவர் மீது ஏற்றாமல் சங்கத்தின் பெயரில் செயற்படுவதே பாதுகாப்பானது. ஆனால் பொய்ப் பெயரில் கணக்குத் திறந்து மூடிய குழுக்களுக்குள் நுழைய வேண்டாம். அப்படிப் பெற்ற ஆதாரத்தைப் பற்றிய முதல் கேள்வியே உங்களை நோக்கித்தான் வரும்.

2. எந்தத் தேர்தல் மாவட்டம் என்பதை முதலில் தீர்மானித்தல்

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்களே அடங்குகின்றன. கிளிநொச்சி, பாராளுமன்றத் தேர்தலிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. அக்கராயனில் இருந்துகொண்டு தாமும் வன்னிதானே என்று வவுனியாவுக்கு அனுப்பிய முறைப்பாடு, சரியான மேசையைத் தேடி அலைவதிலேயே நாட்களைக் கழித்துவிடும்.

பதிவு எங்கே பார்க்கப்பட்டது என்பதைவிட, அது எந்த மாவட்ட வேட்பாளருக்கானது என்பதே முக்கியம். யாழ்ப்பாண வேட்பாளர் ஒருவரின் விளம்பரம் மாங்குளத்தில் உள்ள கைபேசியில் தோன்றினாலும், முறைப்பாடு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கே போக வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலில் நிலைமை வேறு: அங்கே அந்தந்த நிருவாக மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலருக்கே, அதாவது அங்கு தேர்தலை நடத்தும் பொறுப்பிலுள்ள அதிகாரிக்கே, அனுப்ப வேண்டும்.

3. மீறலையும் கருத்தையும் பிரித்தறிதல்

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீணாகும். அதைவிட, ஒருவருடைய நியாயமான பேச்சை அடக்கும் கருவியாக நாமே மாறிவிடுவோம். ஒரு தாய் தன் காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி எழுதி, இந்தக் கட்சிக்கு வாக்களிக்க மாட்டேன் என்று முடித்தால், அது அவருடைய உரிமை. வேட்பாளரின் பழைய வாக்குறுதிகளை நினைவூட்டி விமர்சிப்பதும், கட்சியின் கொள்கையைக் கடுஞ்சொல்லால் சாடுவதும் அவ்வாறே. பேசுவதற்கே அஞ்சி வாழ்ந்த ஒரு நிலத்தில், முறைப்பாட்டுப் படிவம் இன்னொரு வாய்ப்பூட்டாக மாறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எனவே ஒவ்வொரு பதிவையும் நான்கு கேள்விகளால் சோதியுங்கள்: இதை வெளியிட்டவர் யார், இதற்குப் பணம் கொடுக்கப்பட்டதா, எந்த நேரத்தில் வெளியானது, இதில் உள்ளது சரிபார்க்கக்கூடிய செய்தியா அல்லது அபிப்பிராயமா. இவற்றில் ஒன்றுக்காவது சட்டத்தோடு தொடர்புள்ள விடை கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

வன்னியில் பொதுவாகச் சந்திக்கக்கூடிய மீறல்கள் சில உண்டு. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கம் அல்லது நடத்தை பற்றி, தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பொய்யான செய்தியை வெளியிடுவது தேர்தல் சட்டங்களின்படி குற்றம்; அது முகநூலில் வந்தாலும் குற்றமே. பதிவைப் பகிர்ந்தவர்களுக்கு ரீலோட் போடுவதாகச் சொல்லி வேட்பாளரின் பக்கம் வாக்குக் கேட்டால், அதை இலஞ்சம் என்ற கோணத்தில் பார்க்க வேண்டும். ஓர் அரச அலுவலகத்தின் அல்லது பிரதேச சபையின் உத்தியோகபூர்வப் பக்கம் வேட்பாளரை முன்னிறுத்தினால் அது அரச சொத்தின் துஷ்பிரயோகம். அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை, தேர்தல் காலத்தில் அதைத் தடைசெய்யும் அதிகாரத்தை ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. தபால் மூலம் வாக்களித்தவர் அடையாளமிட்ட வாக்குச்சீட்டைப் படமெடுத்துப் போடுவது வாக்கின் இரகசியத்தை மீறுவதாகும்.

சட்டத்தின் இடைவெளிகளையும் தெரிந்து வைத்திருங்கள். 104ஆ உறுப்புரையின் கீழ் ஆணைக்குழு வெளியிடும் ஊடக வழிகாட்டல்கள், ஒலிபரப்பாளர், ஒளிபரப்பாளர், பத்திரிகை உரிமையாளர் அல்லது வெளியீட்டாளர் ஆகியோரை நோக்கியே பேசுகின்றன. தனியொருவரின் முகநூல் பக்கத்தை அந்தச் சொற்களுக்குள் இலகுவாகக் கொண்டுவர முடியாது. சுவரொட்டியிலும் துண்டுப்பிரசுரத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்ற விதி அச்சுக்காக எழுதப்பட்டது. ஆகவே “பெயர் போடாத போஸ்டர்” என்று இணையப் படமொன்றின் மீது முறையிடுவதால் பயன் குறைவு. அதே படத்தைப் பணம் கொடுத்துப் பரப்பியிருந்தால், பணத்தின் மூலத்தைக் கேட்டு முறையிடுவதே வலுவானது.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பலர் உடனே கையில் எடுக்க நினைக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எது பொய்யான கூற்று என்பதைத் தீர்மானிக்கும் பரந்த அதிகாரத்தை அது ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. தேர்தல் விடயத்துக்குத் தேர்தல் சட்டமே போதும்.

4. அழியும் முன் பதிவுசெய்தல்

மீறல் என்று தோன்றியதும் வேறு எதையும் செய்யாமல் பதிவுசெய்யுங்கள். விருப்பக் குறி இட வேண்டாம், பின்னூட்டம் எழுத வேண்டாம், பகிர வேண்டாம். உங்கள் நடமாட்டத்தைக் கண்டதும் அட்மின் பதிவை நீக்கக்கூடும் என்பது ஒரு காரணம். பகிர்ந்தால் அந்தப் பொய்யை நீங்களே இன்னும் பலரிடம் கொண்டுபோகிறீர்கள் என்பது இன்னொரு காரணம்.

முடிந்தவரை கணினியில் செய்யுங்கள். பதிவின் நேரத்தைக் குறிக்கும் சிறிய எழுத்தின் மீது அழுத்தினால் அந்தப் பதிவு மட்டும் தனியாகத் திறக்கும். அப்போது உலாவியின் மேற்பட்டையில் தோன்றுவதே அதற்குரிய இணைப்பு முகவரி. அந்த முகவரி, பக்கத்தின் பெயர், பதிவின் திகதி, கணினியின் கடிகாரம் ஆகிய நான்கும் ஒரே ஸ்கிரீன்ஷொட்டில் விழ வேண்டும். “2 மணி நேரம் முன்” என்று மட்டும் காட்டினால் சுட்டியை அதன் மேல் வைத்துச் சற்றுப் பொறுங்கள், முழுத் திகதியும் நேரமும் தோன்றும்.

புதியவர்கள் கொண்டுவரும் படங்களில் நான் அதிகம் காண்கிற குறை, படத்தை வெட்டுவதுதான். முல்லைத்தீவில் ஒரு தொண்டர் கொண்டுவந்த படத்தில் வேட்பாளரின் முகமும் அவரைப் பற்றிய வசனமும் மிகத் தெளிவாக இருந்தன. அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார். பக்கத்தின் பெயர் இல்லை, திகதி இல்லை, முகவரி இல்லை. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் தானே செய்திருக்கலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள், பில்டர் போடாதீர்கள். விளக்கம் தேவையென்றால் பிரதியொன்றில் குறியிட்டு, மூலத்தைத் தொடாமல் வையுங்கள்.

காணொளியாக இருந்தால் திரையைப் பதிவுசெய்யும் வசதியால் தொடக்கம் முதல் முடிவு வரை பிடியுங்கள். இடையில் வருகிற ஒரு வசனத்தை மட்டும் பிடித்தால், முன்பின் தொடர்பை மறைத்ததாகக் குற்றம் வரும். பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியையும் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கம் எப்போது தொடங்கியது, முன்னர் என்ன பெயரில் இருந்தது, நிர்வகிப்பவர்கள் எந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்பவை அங்கே தெரியும். நேற்றுவரை சமையல் குறிப்போ சினிமாவோ போட்ட பக்கம் இன்று ஒரு வேட்பாளரின் பெயரைத் தாங்கியிருந்தால் அந்தப் பெயர் மாற்றமே ஒரு தடயம்.

இவ்வளவும் முடிந்த பின் சீ.ஆர். கொப்பியில் தொடர் எண், திகதி, நேரம், இணைப்பு முகவரி, பதிவுசெய்தவர், பார்த்த சாட்சி ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கோப்பின் பெயரில் அதே தொடர் எண் இருக்கட்டும். தேர்தல் வழக்கு வருவது சில மாதங்கள் கழித்துத்தான்; அப்போது உங்கள் ஞாபகத்தைவிட அந்தக் கொப்பியின் வரியே நிற்கும்.

5. விளம்பர நூலகத்தில் பணத்தைத் தேடுதல்

பதிவின் தலைப்பில் ஸ்பொன்சர்ட் என்ற குறி இருந்தால் அது பூஸ்ட் பண்ணப்பட்டது, அதாவது பணம் கொடுத்துப் பரப்பப்பட்டது. உடனே முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பர நூலகத்துக்கு, அதாவது அதன் தளங்களில் ஓடும் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கும் இணையப் பக்கத்துக்குச் சென்று, நாடாக இலங்கையைத் தெரிவுசெய்து, பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். அதைப் பார்க்கக் கணக்குத் தேவையில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது. அரசியல் விளம்பரம் என்று அறிவித்து ஓடியவற்றை நூலகம் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கும். யார் பணம் கொடுத்தது, செலவு எந்த வீச்சில் (எவ்வளவு முதல் எவ்வளவு வரை), எத்தனை பார்வைகள் என்பவற்றையும் காட்டும். அப்படி அறிவிக்காமல் சாதாரண விளம்பரமாக ஓடுகிற ஒன்று, ஓடி முடிந்ததும் நூலகத்திலிருந்து மறைந்துவிடும். மறைக்க நினைப்பவர் இரண்டாவது வழியையே தெரிவுசெய்வார். ஆகவே தேர்தல் காலத்தில் முக்கிய பக்கங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாள்தோறும் காலையும் இரவும் தேடுங்கள்.

நூலகத்தில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதையும், தொடங்கிய திகதியையும், செலவு காட்டப்படும் நாணயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கனேடிய டொலரிலோ பவுண்டிலோ செலவு காட்டப்பட்டால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இடமிருக்கிறது. வெளிநாட்டு அரசாங்கம், வெளிநாட்டில் கூட்டிணைக்கப்பட்ட கம்பனி, அடையாளத்தை வெளிப்படுத்தாத ஆள் ஆகியோரிடமிருந்து வேட்பாளர் நன்கொடை ஏற்பதைச் செலவினச் சட்டம் தடுக்கிறது. ஆனால் புலம்பெயர்ந்த உறவொன்று தன் பக்கத்தில் ஆதரவாக எழுதுவதும் வெளியிலிருந்து பணம் கட்டி விளம்பரம் ஓட்டுவதும் ஒன்றல்ல. முன்னதை முறைப்பாட்டில் சேர்க்காதீர்கள்.

கூகுளுக்கும் யூடியூபுக்கும் தனி விளம்பர வெளிப்படைத்தன்மை நிலையம் இருக்கிறது. டிக்டொக் பணம் பெற்ற அரசியல் விளம்பரங்களை 2019 முதலே அனுமதிப்பதில்லை. அங்கே அப்படியொன்று தென்பட்டால் நிறுவனத்தின் சொந்த விதியே மீறப்பட்டதாகும் என்பதால், அங்கு ரிப்போர்ட் செய்வது விரைவாகப் பலன் தரலாம்.

6. வாட்ஸ்அப், வைபர் குழுக்கள்

இவற்றில் விளம்பர நூலகம் கிடையாது. செய்திகள் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் நிறுவனத்தாலும் உள்ளடக்கத்தைப் பார்க்க முடியாது. குழுவில் உள்ள ஒருவர் தாமாக முன்வந்து கொடுத்தால் மட்டுமே ஆதாரம் கிடைக்கும். கொடுப்பவரின் கைபேசியில் செய்தியும் குழுவின் பெயரும் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து, மற்ற உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை அதிகாரிக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் மறைத்துவிடுங்கள்.

பலமுறை முன்னனுப்பப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் அதை உருவாக்கியவர் அல்ல என்பது ஏறத்தாழ உறுதி. கடைசியாக அனுப்பிய ஏழைத் தையற்காரியைக் குற்றவாளியாக்கி முறைப்பாடு எழுதுவது பெரும் அநியாயம். செய்தியின் மூலத்தையே கேளுங்கள். குரல் பதிவுகள் என்றால் கோப்பாகச் சேமித்து, சொற்களை அப்படியே எழுத்தில் பெயர்த்து இணையுங்கள். அலுவலருக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

7. செய்தி பொய்தானா என்று உறுதிப்படுத்தல்

வேட்பாளர் விலகிவிட்டார், வாக்களிப்பு நிலையம் மாறிவிட்டது, கட்சித் தலைமை வேறொருவருக்கு விருப்பு வாக்குப் போடச் சொல்லிவிட்டது என்பவை கடைசி வாரத்தில் பரவுகிற வகைகள். கட்சியின் கடிதத் தலைப்பில் வந்தால் கட்சியின் மாவட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். வாக்களிப்பு நிலையம் பற்றியென்றால் கிராம அலுவலரையோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்தையோ கேளுங்கள். யாரிடம், எப்போது கேட்டீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள்.

வவுனியா தெற்கிலும் வெலிஓயாவிலும் பரவும் பதிவுகள் பல சிங்களத்தில் இருக்கும். கைபேசியின் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி முறையிட வேண்டாம். இரு மொழியும் அறிந்த ஒருவர் வாசித்துச் சொல்லட்டும்.

பெண் வேட்பாளர் ஒருவரின் படத்தை வெட்டி ஒட்டி இழிவுபடுத்தியிருந்தால் வரிசையைச் சற்று மாற்றுங்கள். ஆதாரத்தை ஒரேயொருவர் மட்டும் பதிவுசெய்து பூட்டி வைத்துவிட்டு, உடனே அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, பதிவு வெளியான தளத்தின் நிறுவனத்துக்கும் பொலிஸுக்கும் போங்கள். அந்தப் படத்தைச் சங்கக் கூட்டத்தில் சுற்றுக்கு விடுவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

8. முறைப்பாட்டை எழுதுதலும் கொடுக்கும் வரிசையும்

ஒரு மீறலுக்கு ஒரு கடிதம். பத்துப் பதிவுகளை ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால், பலவீனமான ஒன்று மற்ற ஒன்பதையும் இழுத்துக்கொண்டு போகும். தமிழில் எழுதலாம், எழுத வேண்டும். உணர்ச்சிச் சொற்களைத் தவிர்த்துக் கீழுள்ளவாறு அமைத்தால் போதும்:

“… ஆம் திகதி காலை 9.40 மணிக்கு, … என்ற முகநூல் பக்கத்தில், … இலக்க வேட்பாளருக்கு விருப்பு வாக்குக் கேட்கும் பணம் செலுத்திய விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததை நாம் இருவர் கண்டு பதிவுசெய்தோம். இணைப்பு முகவரியும் விளம்பர நூலக எண்ணும் பின்னிணைப்பு 1இல் உள்ளன. பிரசாரம் … ஆம் திகதி நள்ளிரவுடன் நிறைவடைந்திருந்தது. இந்த விளம்பரத்தை நிறுத்தச் செய்வதோடு, இதற்குச் செலுத்தப்பட்ட தொகையை வேட்பாளரின் செலவு அறிக்கையோடு ஒப்பிடும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.”

என்ன நிவாரணம் வேண்டும் என்ற கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. கேட்காத எதையும் அலுவலர் தாமாகச் செய்வது அரிது.

முதலில் மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டு முகாமைத்துவ நிலையத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியாவில் உள்ள தெரிவத்தாட்சி அலுவலருக்கும் பிரதி அனுப்புங்கள். அடுத்தது பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்பு. அவர்கள் பிற மாவட்டங்களின் முறைப்பாடுகளோடு சேர்த்துப் பார்ப்பதால் ஒரே பக்கம் பல இடங்களில் செய்த வேலை வெளிப்படும். மிரட்டலோ இனவெறுப்புத் தூண்டலோ இருந்தால் பொலிஸ். நிறுவனத்துக்கு ரிப்போர்ட் செய்வதை இவற்றுக்குப் பின் வையுங்கள், ஏனெனில் பதிவு நீக்கப்பட்ட பின் அலுவலர் தம் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த முடியாமல் போகும். உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் பதிவும், ஏழாம் படியில் சொன்ன இழிவுப் படங்களும் மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

9. பிரசாரம் நிறைவடைந்த பின்வரும் நாட்கள்

2024 பொதுத் தேர்தலில் வாக்களிப்பு நவம்பர் 14. பிரசாரம் 11ஆம் திகதி நள்ளிரவுடன் நிறைவடைந்தது. பிரசாரம் செய்யக் கூடாத இந்த இடைப்பட்ட அமைதிக் காலத்தில் இரண்டு விடயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னர் போட்ட பதிவு பக்கத்தில் அப்படியே கிடப்பது ஒன்று. பணம் செலுத்திய விளம்பரம் புதிய கண்களைத் தேடி ஓடிக்கொண்டிருப்பது வேறொன்று. உங்கள் நேரத்தை இரண்டாவதற்குக் கொடுங்கள். நள்ளிரவு கடந்தவுடனும் மறுநாள் காலையிலும் நூலகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஓடுகிறது என்ற குறியோடு படமெடுங்கள். கைபேசி வேறொரு நாட்டு நேரத்தில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. முடிவுகளின் பின்: செலவு அறிக்கையோடு ஒப்பிடுதல்

பெரும்பாலான குழுக்கள் வாக்கெண்ணும் இரவோடு கலைந்துவிடுகின்றன. உண்மையில் அதுவரை சேர்த்த விளம்பர எண்களுக்குப் பயன் வருவது இதற்குப் பின்புதான். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர்கள் தாம் பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் அறிக்கையாகச் சமர்ப்பிக்க வேண்டும். பாராளுமன்றத் தேர்தல் மனுவுக்கும் 21 நாட்களே அவகாசம் என்பதால், மனுத் தாக்கல் செய்ய எண்ணுகிறவருக்கு உங்கள் ஆதாரம் தேவையென்றால் அதற்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருங்கள்.

அறிக்கையைப் பெற முடியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். “எல்லாச் செலவுகளும்” என்று கேட்காமல், வேட்பாளரின் பெயரையும் இலக்கத்தையும் குறிப்பிட்டு, இணைய விளம்பரத்துக்குக் காட்டப்பட்ட தொகையைக் கேளுங்கள்.

பின்னர், நூலகம் காட்டிய செலவு வீச்சுகளின் கீழ் எல்லைகளை மட்டும் கூட்டுங்கள். மேல் எல்லையைக் கூட்டினால் மிகைப்படுத்தியதாகச் சொல்லிவிடுவார்கள். கீழ் எல்லைகளின் கூட்டுத்தொகையே அறிக்கையில் உள்ள எண்ணைத் தாண்டினால், அந்த ஒப்பீட்டை ஒரு பக்க அட்டவணையாக்கி ஆணைக்குழுவுக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்களின் முகங்கள் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அந்தத் தொகையை யாருடைய கணக்கிலும் சேர்க்காமல் தனி வரிசையில் காட்டுங்கள்.